வான்கோழியும் ரெண்டு பக்கத் தணலும்

டேய் மாப்ள,

உன் மெயில் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத முடிஞ்சுது. அம்மா முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வாக்கர் இல்லாம நடக்குறாங்கன்னு படிச்சதும்தான் நிம்மதி, நான் கேட்டேன்னு சொல்லு.

இங்க சிகாகோல போன வியாழன் தேங்க்ஸ்கிவிங், வீட்டுல எல்லாரும் கூடி வான்கோழி சாப்பிடுற அமெரிக்கப் பண்டிகை, வருஷா வருஷம் நவம்பர் நாலாவது வியாழன்தான். முழு வான்கோழிய பின்வாசல்ல கரி கிரில்லயே வேக வச்சேன்டா, 12 பவுண்டு, நம்ம கணக்குல அஞ்சரை கிலோ. நீயும் தோப்புல வளக்குறதுல ஒண்ண முழுசா சுடணும்னு எழுதியிருந்தேல்ல, அதான் விலாவாரியா எழுதுறேன்.

போன வருஷம் கரிய நடுவுல குவிச்சு நேரா அதுக்கு மேல வச்சுட்டேன். கொழுப்பு உருகி சொட்டச் சொட்ட தீ எழும்பி தோலு கருகிருச்சு, வெட்டிப் பாத்தா தொடை எலும்போரம் ரத்தம். பிள்ளைங்க பசியோட காத்திருந்துச்சுங்க, ரொம்ப கஷ்டமாயிருச்சு. நமக்கு நாட்டுக்கோழிய தீயில வாட்டித்தானே பழக்கம், இவ்ளோ பெருசு வாட்டுனா ஆகாது, உள்ள வரைக்கும் நிதானமா சூடு போகணும்.

அதனால இந்த வாட்டி கரிய ரெண்டு ஓரமா ஒதுக்கிட்டு நடுவுல ஒரு ட்ரேல தண்ணி, அதுக்கு நேர் மேல வான்கோழி, மூடியப் போட்டாச்சு. கொழுப்பு ட்ரேல விழும், தீயே எழும்பாது, சூடு உள்ளயே சுத்தி வரும். இந்த உருண்டை கிரில்லே இந்த ஊர்ல பொறந்ததுதான் தெரியுமா, 1952ல ஜார்ஜ் ஸ்டீபன்னு ஒருத்தர், தண்ணில மிதக்க விடுற இரும்பு மிதவை செய்யற கம்பெனில இருந்தவரு, அந்த மிதவைய ரெண்டா வெட்டி அடியில கால் வச்சு மேல்பாதிய மூடியாக்கிட்டாரு, அதுதான் வெபர் கிரில்.

ஐஸ் கட்டியா இருந்தத ஃபிரிட்ஜ்ல மூணு நாள் வச்சு இளக்கி, முந்தின ராத்திரியே உப்பும் மிளகும் சீரகமும் தோலுக்கு அடியில கைய விட்டுத் தடவி வச்சேன். கரி நல்லா நீறு பூத்தப்புறம்தான் கோழிய ஏத்தணும், பத்த வைக்க மண்ணெண்ணெய் மட்டும் ஊத்திறாத, கறியெல்லாம் அந்த வாடைதான் அடிக்கும், பேப்பரே போதும். மணிக்கொரு தடவ ரெண்டு பக்கமும் எட்டெட்டு கரி சேத்தேன். மத்த நேரம் மூடியத் தொடவே இல்ல, ஒருதடவ தொறந்தா ஏறின சூடெல்லாம் போயிரும், அதுவும் இந்தக் குளிர்ல. மூணு மணி நேரம் ஆச்சு. தொடையோட ஆழத்துல, எலும்புல படாம தெர்மாமீட்டரக் குத்திப் பாத்தா 74 டிகிரி செல்சியஸ் காட்டணும், நெஞ்சுலயும் அப்படித்தான். எறக்கி அரைமணி நேரம் அப்படியே விட்டுட்டு வெட்டுனேன், நெஞ்சுக்கறிகூட சாறோட இருந்துச்சுடா, பெரியவ ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

உனக்கு ராமநாதபுரம் பக்கத்து மூட்டக்கரி கிடைக்குமே, சீமைக்கருவேலங்கரி, அத வாங்கு. இங்க விக்கிற அச்சுக்கரிய விட கட்டைக்கரி சீக்கிரம் எரிஞ்சு தீந்துரும், அதனால அரைமணிக்கொரு தடவ கொஞ்சங்கொஞ்சமா சேக்கணும். மூடி இல்லாம மட்டும் செய்யாத, வெல்டிங் பட்டறைல சொன்னா ஒண்ணு அடிச்சுக் குடுப்பாங்க.

பொங்கலுக்கு நான் வர்றேன், டிக்கெட் போட்டாச்சு. தெர்மாமீட்டர் கொண்டாறேன், அதுவரைக்கும் கோழியில கை வைக்காத.