ரெண்டு கட்டையில் தொடங்கி நாலரையில்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செல்வா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா உன்னை விசாரித்தார். தட்டுவடை செட் ஒரே மூச்சில் எத்தனை தின்கிறான் இப்போது என்றுதான் விசாரித்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை ஏற்காட்டில் அக்கா மகள் கல்யாண வரவேற்பு. காபிப் பூ பூத்திருந்த நேரம். கடைசிக் கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கண்ணாடியை இறக்கியதுமே அந்த மணம் காருக்குள் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பாய். மெல்லிசைக் குழு எதுவும் வைக்கவில்லை. அக்காவின் சின்னப் பையனும் அவனுடைய கல்லூரி நண்பர்கள் நாலு பேரும் பாடுவார்கள் என்றார்கள். நான் பந்திக்கு எழுந்திருக்கப் பார்த்தேன். நல்லவேளை, உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து பேரும் ஒரே நிறச் சட்டை, கையில் வெள்ளைக் கையுறை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் 1909-லிருந்து விஃபன்பூஃப்ஸ் என்று ஒரு குழு வைத்து, வால்கோட்டும் வெள்ளைக் கையுறையுமாகப் பாடிவருகிறார்கள் அல்லவா, கையுறை அங்கிருந்து வந்தது. ஒருவன் பையிலிருந்து பிட்ச் பைப்பை, அதுதான் சுருதி பிடிக்க ஊதும் சின்னக் குழலை, எடுத்து ஊதினான். எல்லாரும் கண்ணை மூடி, ஒரு காதைப் பொத்தி, "ம்ம்ம்" என்றார்கள். பாட்டு வரவில்லை. மறுபடி ஊதினான், மறுபடி "ம்ம்ம்". மூன்றாவது தடவைக்குள் சமையல்காரர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்புறம் பாட்டு. அவர்களே எழுதியது. பாட்டின் பொருளே வாத்தியம் இல்லாமல் பாடும் குழுக்கள்தான். முன்னால் நிற்பவனுக்குத்தான் வார்த்தை, மற்றவர்களுக்கு 'ஊ'வும் 'ஆ'வும். வாயால் டிரம்ஸ் வாசிக்கிறவன் 'புட்ஸ் கட்ஸ்' என்று தொடங்கியதும் முன்னால் நின்றவன் எச்சில் தெறிக்காமலிருக்கக் குடையை விரித்தான். நடுவில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவனுக்குப் பொறுக்கவில்லை. "வார்த்தை எல்லாம் உனக்கு, டும் டும் மட்டும் எனக்கா" என்று சண்டைக்கு வந்து வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டான். பிடுங்கிய அந்த நொடியில் அடியில் 'டும்' இல்லை. மேலே இருந்த மூன்று குரலும் ஊஞ்சல் அறுந்த மாதிரி ஆடின. சபை சிரித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, செல்வா. பேஸ் என்றால் என்ன என்று நம் சர்ச் கொயர் சார் நமக்கு வருஷக்கணக்கில் சொன்னதை இந்தப் பையன்கள் நாலு தாளத்தில் காட்டிவிட்டார்கள்.

முடிவில் இந்தக் குழுக்களெல்லாம் சுருதியை அரைக் கட்டை ஏற்றிக் கைத்தட்டல் வாங்குமே, அதையும் எடுத்துக்கொண்டார்கள். ரெண்டு கட்டையில் தொடங்கிய பாட்டு ரெண்டரை, மூன்று, நாலு (மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாதே) என்று ஏறி நாலரையில் போய் நின்றது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மேல்குரலான டெனர் பாடும் பையன் முகம் சிவந்து, அடுத்தவன் தோளைப் பிடித்துத் தொங்கினான். நடிப்புதான், குரல் பிசகவில்லை. துணை வாத்தியம் இல்லாவிட்டால் பல குழுக்களுக்குச் சுருதி மெல்ல இறங்கிவிடும் என்று உனக்குத் தெரியும். கடைசியில் பிட்ச் பைப்பில் நாலரையை ஊதிப் பார்த்தார்கள். அச்சாக அங்கேயே நின்றார்கள்.

இதில் ஒரு சங்கடம். நடுவில் ஒரு நீளமான 'ஆமென்' வந்தது, நாலு குரலில், பூசை முடிகிற மாதிரியே. அக்கா முகம் சுருங்கிப்போனது. "சார் முன்வரிசையில இருக்காரு, கோவில் பாட்டைக் கேலி பண்றானே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாருக்கு எண்பது தாண்டிவிட்டது. பாட்டு முழுக்க அவர் சிரிக்கவே இல்லை. முடிந்ததும் தடியை ஊன்றி எழுந்து பையன்களைக் கிட்டே கூப்பிட்டார். மண்டபமே அடங்கிவிட்டது.

"மூணாவது ஏத்தத்துல ரெண்டாவது டெனர் கொஞ்சம் இறங்கிட்டான். அதை மட்டும் திரும்பப் பாடுங்க."

பாடினார்கள். தடியின் மேல் விரலால் தாளம் தட்டிக் கேட்டார். முடிந்ததும், "சரி" என்றார். நம்மிடம் எப்போதாவது அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாரா, நினைத்துப் பார். 1993-ல் 'திருடா திருடா' கேசட்டோடு ஓடிப்போய், ரகுமானுடைய 'ராசாத்தி' பாட்டில் வாத்தியமே இல்லை, வெறும் குரல்தான் என்று நாம் குதித்தபோதுகூட, "அ கப்பெல்லா என்றால் இத்தாலியத்தில் கோவில் பாணி என்று அர்த்தம், ஞாயிறுதோறும் நீங்கள் பாடுவதும் அதுதான், போய் உட்காருங்கள்" என்றுதானே சொன்னார்.

ராத்திரி அக்கா மகனைக் கேட்டேன், எங்கேடா கற்றீர்கள் என்று. கேலி செய்ய வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்களாம். வாத்தியமில்லாமல் பாடும் அமெரிக்கக் குழு பென்டடானிக்ஸ் மாதிரிக் குழுக்களின் பாட்டை ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்டு, எழுதி, ஒரு வருஷம் விடுதி மொட்டைமாடியில் பாடிப் பார்த்திருக்கிறார்கள். சரியாகப் பாடத் தெரியாமல் அதைக் கேலி செய்தால் யாரும் சிரிக்கவில்லை மாமா என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நம் கோவில் நிலவரம் உனக்குத் தெரியாது. கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் தாளம் தானாக ஓடுகிறது, எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு 'ஓசன்னா'கூட ஒற்றைக் குரல்தான். பேஸ் வரிசை நீ போனதிலிருந்து ஆளில்லாமல் கிடந்து, கடைசியில் அந்த பெஞ்சையே எடுத்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, சொல்லித்தர ஆள் இல்லை. ஆனால் நாலு குரல் சேர்ந்து ஒலிப்பதைப் பல வருஷம் கழித்து நான் கேட்டது ஒரு கேலிப் பாட்டில்தான். அதை நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது.

சரி, இனி உன் வேலை. ஜூன் முதல் ஞாயிறு மாலைகளில் பயிற்சி வைக்கலாம் என்று சார் சொல்லிவிட்டார். ஐந்து பையன்களும் வருகிறார்கள். அக்காவும் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவுக்கு வருகிறாள், அந்த 'ஆமென்'னைத் தான் ஒழுங்காகப் பாடிக்காட்ட வேண்டுமாம். பேஸுக்கு அந்த ஒரு பையன்தான், இன்னும் ஒருவர் வேண்டும். உன் மந்திர ஸ்தாயி, அந்தக் கீழ்க்குரல், இப்போது எப்படி இருக்கிறதோ, எப்படி இருந்தாலும் கொண்டு வா. கேக்குக்காகக் கொயரில் சேர்ந்தவனுக்கு இந்தத் தடவையும் கேக் உண்டு, அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார்.

கோவில் அலமாரியைத் திறந்து பார்த்தேன். உச்சக்குரலான சோப்ரானோவுக்குரிய பாட்டுத் தாள் கட்டு முழுக்கக் கரையான். பேஸ் கட்டு தப்பித்திருக்கிறது. ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியில் பென்சிலால் 'இங்கே மூச்சு' என்று எழுதியிருப்பது உன் கையெழுத்துதான்.

உன்
பீட்டர்