செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடும்பத்தினர் அனைவருக்கும் பணிவான வணக்கம். மத்திய இல்லினாய் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஜனவரியில் பொங்கலும், ஏப்ரலில் சித்திரைத் திருநாளும், ஜூலையில் கோடைக்கால ஒன்றுகூடலும், அக்டோபரில் தீபாவளியும் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன. தமிழ்ப் பள்ளி ஞாயிறுதோறும் தடையின்றி நடைபெற்றது; இரண்டு ஆசிரியைகள் புதிதாகச் சேர்ந்துள்ளனர். செயற்குழு எட்டு முறை கூடியது.

பொங்கல் விழாவைப் பற்றி மட்டும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. விழா நடந்த ஜனவரி 18ஆம் தேதி, புதிய அதிபரின் பதவியேற்புக்கு இரண்டே நாள் இருந்த நேரம். அன்று மேடையேறிய பன்னிரண்டு நிமிட நகைச்சுவை நாடகத்தின் முதல் பாதியில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஓர் இளைஞர் பதவி விலகவிருந்த அதிபரைப் போலத் தள்ளாடி நடந்து படியில் தடுக்கி விழுந்தார். இரண்டாம் பாதியில் மஞ்சள் முடியும் முழங்கால்வரை தொங்கும் சிவப்புக் கழுத்துப்பட்டையுமாக இன்னொருவர் வந்து, பதவியேற்கவிருந்தவரின் கையசைவையும் அவருடைய மனைவியையும் வைத்துக் கேலி பேசினார். முதல் பாதியில் அரங்கின் ஒரு பக்கம் கைதட்டிச் சிரிக்க, மறுபக்கம் உறைந்துபோயிருந்தது. இரண்டாம் பாதியில் இந்த நிலை அப்படியே தலைகீழானது. நாடகம் முடிவதற்குள் ஆறு குடும்பங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, சாப்பிடாமலேயே புறப்பட்டுவிட்டன. மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலைச் செயற்குழுவினர் மூன்று பெரிய பாத்திரங்களில் வீட்டுக்கு எடுத்துச் சென்றோம்.

என்னிடம் முன்கூட்டியே தரப்பட்ட நாடகப் பிரதியில் படியில் விழுவதும் இல்லை, மனைவியைப் பற்றிய வசனமும் இல்லை. இரண்டும் கடைசி ஒத்திகையில் சேர்க்கப்பட்டவை. பிரதியைப் படித்து ஒப்புதல் அளித்தவன் என்ற முறையில், ஒத்திகைக்கும் நேரில் சென்றிருக்க வேண்டியது என் கடமை. அதற்காகப் பொதுக்குழுவிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்த பத்து நாட்களில் எனக்கு ஏழு கடிதங்கள் வந்தன. ஏழையும் ஒரே மாலையில் வரிசையாக வைத்துப் படித்தேன். நான்கு கடிதங்கள் முதல் பாதியைக் கண்டித்தன. மூன்று கடிதங்கள் இரண்டாம் பாதியைக் கண்டித்தன. இரண்டு பாதிகளையும் சேர்த்துக் குறை சொன்னவர் ஒருவர்கூட இல்லை. தம் கட்சித் தலைவரின் முதுமையைக் கேலி செய்தது பண்பாடற்றது என்று எழுதியவரும், எதிர்க்கட்சித் தலைவரின் தோற்றத்தைக் கேலி செய்தபோது சிரித்ததை நான் மேடையோரத்திலிருந்து பார்த்தவன். இதை யாரையும் புண்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஏழு கடிதங்களிலிருந்துதான் இவ்வாண்டின் உரையாடல் அரங்கம் பிறந்தது என்பதாலேயே இங்கே பதிவு செய்கிறேன்.

அரசியல் பேசும் அரங்கம் நமக்கு ஏன் என்று செயற்குழுவிலேயே எதிர்ப்பு எழுந்தது. நம் சங்கம் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் வரிவிலக்குப் பெற்ற அமைப்பாதலால், ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக்கூடாது என்பது சட்டம். ஆனால் சார்பின்றிப் பொதுப் பிரச்சினைகளைக் கற்பதையும் விவாதிப்பதையும் அச்சட்டம் தடுக்கவில்லை என்பதை எடுத்துரைத்தேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, பொது நூலகக் கூட்ட அறையில் ஐந்து அமர்வுகளும் ஒரு சுற்றுப்பயணமும் நடத்திக்கொள்ள ஒப்புதல் கிடைத்தது.

முதல் அமர்வில் மூன்று நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பேசினோம். 1975 ஜூன் மாதத்தில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விமான நிலையத்தில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு விமானப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய அந்த விளையாட்டு வீரர், தொலைக்காட்சி நகைச்சுவைகளின் புண்ணியத்தால், நேராக நடக்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கினார். 2020 ஜூனில் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பயிற்சிக் கழகத்தின் சாய்தளத்தில் டிரம்ப் மெல்ல அடியெடுத்து இறங்கியது நாடெங்கும் பேச்சாயிற்று. 2021 மார்ச்சில் பைடன் விமானப் படிக்கட்டில் ஏறும்போது தடுமாறியதும் அவ்வாறே ஆனது. மூன்றுமே படியில் கால் வைத்த கதைதான். சிரித்தவர்களும் சினந்தவர்களும் மட்டுமே இடம் மாறிக்கொண்டார்கள். ஃபோர்டின் பொருளாதாரக் கொள்கையைப் பற்றி அந்த அறையில் ஒருவராலும் இரண்டு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அவர் விழுந்தது மட்டும் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. கேலியால் வரும் நட்டம் எது என்று அன்று எனக்குப் புரிந்தது.

ஓர் இளம் உறுப்பினர் எழுந்து, அதிபரைக் கேலி செய்யக்கூடாது என்றால் அரசரைப் போல் வணங்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1798இல் ஜான் ஆடம்ஸ் ஆட்சியில் இயற்றப்பட்ட தேசத்துரோகச் சட்டத்தின் கீழ், அதிபரின் ஆடம்பரத்தையும் முகத்துதி மோகத்தையும் சாடி எழுதியதற்காக, வெர்மான்ட் மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் மாத்யூ லயனுக்கு நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறையில் இருக்கும்போதே மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்சியாளரைச் சாடும் உரிமையை இந்த நாடு அப்படித்தான் காத்துக்கொண்டது. அவ்வுரிமையை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். லயன் சாடியது ஆடம்ஸின் நடத்தையை. நம் மேடையில் நாம் சாடியது ஒரு முதியவரின் முழங்காலையும், தேர்தலில் நிற்காத ஒரு பெண்மணியையும்.

மே மாதத்தில் முப்பத்தோரு பேர் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஆபிரகாம் லிங்கன் அதிபர் நூலக அருங்காட்சியகத்துக்குச் சென்று வந்தோம். அங்கே 'கிசுகிசுக் கூடம்' என்று சொல்லத்தக்க ஓர் இருண்ட நடைவழி உண்டு. கோணல்மாணலாக வளைந்த சுவர்களில் லிங்கனைக் குரங்காகவும் கோமாளியாகவும் வரைந்த அக்காலக் கேலிச்சித்திரங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. அவரையும் அவர் மனைவி மேரியையும் இழித்துப் பேசும் குரல்கள் இருபுறமிருந்தும் முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. 1861 பிப்ரவரியில், தம்மைக் கொல்லச் சதி நடப்பதாகக் கிடைத்த எச்சரிக்கையால் பால்டிமோர் நகரை அவர் இரவோடிரவாகக் கடந்தார். ஸ்காட்லாந்துத் தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்து மாறுவேடத்தில் போனார் என்று ஒரு செய்தியாளர் கற்பனையாக எழுத, கேலிச்சித்திரக்காரர்கள் அந்தப் பொய்த் தொப்பியையே திரும்பத் திரும்ப வரைந்தார்கள். தமிழ்ப் பள்ளியில் நான்காம் நிலை படிக்கும் ஒரு சிறுவன் அந்தக் கூடத்தின் நடுவில் நின்று தன் தந்தையின் கையை இழுத்து, "அப்பா, இவர்தானே நல்ல பிரசிடென்ட்? அப்புறம் ஏன் எல்லாரும் இப்படித் திட்டுறாங்க?" என்று கேட்டான். அந்தத் தந்தை, பொங்கல் நாடகத்தில் மஞ்சள் முடி அணிந்து நடித்தவர். மகனுக்குப் பதில் சொல்லாமல் அவன் தோளில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றிருந்தார். இரண்டாம் பாதியைக் கண்டித்து எழுதியவரிடம் திரும்பும் வழியில் பேருந்திலேயே சென்று பேசினார்.

மூன்றாம் அமர்வில் 2008 அக்டோபரில் மின்னசோட்டாவின் லேக்வில் நகரில் நடந்த கூட்டத்தின் காணொலியைத் திரையிட்டோம். ஒபாமாவை நம்ப முடியாது, அவர் ஓர் அரபியர் என்று ஒரு பெண்மணி ஒலிவாங்கியில் சொன்னபோது, அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் ஒலிவாங்கியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, இல்லை, அவர் கண்ணியமான குடும்பத்தலைவர், குடிமகன், அடிப்படைப் பிரச்சினைகளில் எனக்கு அவரோடு கருத்து வேறுபாடு உண்டு, அவ்வளவே என்று மறுத்தார். அந்தக் கூட்டத்திலேயே அவருடைய சொந்த ஆதரவாளர்கள் அவரை எதிர்த்துக் கூச்சலிட்டதையும் காணொலியில் பார்த்தோம். அரபியர் என்பதற்கு எதிர்ச்சொல் கண்ணியமானவர் என்பதா என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டது சரியான கேள்வி, அதையும் விவாதித்தோம். எனினும், தோற்கும் நிலையில் இருந்த ஒருவர் தமக்குக் கிடைக்கவிருந்த கைதட்டலைத் தாமே தடுத்துக்கொண்டார் என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

விவாதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நமக்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. லிங்கனும், செனட் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஸ்டீஃபன் டக்ளஸும் 1858இல் ஏழு இடங்களில் மோதியது இதே மாநிலத்தில்தான். அவற்றில் ஐந்தாவது விவாதம் அக்டோபர் 7ஆம் தேதி கேல்ஸ்பர்கில், இன்றும் நிற்கும் நாக்ஸ் கல்லூரியின் பழைய கட்டடத்தின் முன்னால் நடந்தது. முதலில் பேசுபவருக்கு ஒரு மணி நேரம், மற்றவருக்கு ஒன்றரை மணி நேரம், மீண்டும் முதலில் பேசியவருக்கு அரை மணி நேரம் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட முறை. அவ்விவாதங்களில் இழிசொல்லே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இனவெறுப்பைத் தூண்டும் பேச்சும் கூட்டத்தின் கூச்சலும் நிறையவே இருந்தன. ஆனால் அடிமைமுறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவலாமா என்ற ஒரே கேள்வியை மூன்று மணி நேரம் விடாமல் பற்றிக்கொண்டு இருவரும் பேசினார்கள், ஆயிரக்கணக்கானோர் நின்றபடி கேட்டார்கள். அந்த நேர ஒழுங்கைச் சுருக்கி எடுத்துக்கொண்டு, அதோடு நம் மரபிலிருந்தும் ஒரு விதியைச் சேர்த்தேன். நன்னூல் ஏழு வகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கருத்துகளைக் கையாளும் முறைகளைச் சொல்லும்போது 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு' என்பதையும் ஒன்றாகச் சொல்கிறது. எதிராளியின் கருத்தை முதலில் ஏற்று எடுத்துரைத்து, பிறகே அதை மறுக்க வேண்டும். நம் அரங்கில், எடுத்துரைத்தது சரிதான் என்று எதிராளியே ஒப்புக்கொண்ட பின்னர்தான் மறுக்கலாம் என்று அதை இறுக்கமாக்கினோம்.

அக்டோபர் அமர்வில் இவ்விதி உண்மையிலேயே சோதனைக்கு உள்ளானது. செப்டம்பர் 19ஆம் தேதி, வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஹெச்-1பி விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு 100,000 டாலர் கட்டணம் என்ற அதிபரின் அறிவிப்பு வெளியானது. அந்த வார இறுதியில் சென்னையில் விடுப்பில் இருந்த நம் உறுப்பினர்கள் சிலர் பதறியதை அனைவரும் அறிவோம். தற்போதைய அதிபருக்கு வாக்களித்த, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரும், பதினோரு ஆண்டுகளாகப் பச்சை அட்டைக்கு (நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு) காத்திருக்கும் இளைஞர் ஒருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். இளைஞர் முதலில், "ஐயா, நாங்கள் இங்கே இருக்கக்கூடாது என்கிறீர்கள்" என்று தொடங்கினார். பெரியவர் தலையசைத்து, "தம்பி, நான் அதைச் சொல்லவில்லை" என்றார். இரண்டாம் முறையும் அவர் ஒப்பவில்லை. மூன்றாம் முறை இளைஞர் நிதானமாக, ஆண்டுக்கு 85,000 என்ற உச்சவரம்பில் பெரும்பங்கை ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் குறைந்த ஊதியத்துக்கு எடுத்துக்கொள்வதால் உள்நாட்டுப் பட்டதாரியும் திறமையான வெளிநாட்டவரும் ஒருசேரப் பாதிக்கப்படுகிறார்கள், கட்டணம் அந்த வழியை அடைக்கும் என்பது உங்கள் வாதம் என்றார். பெரியவர், "ஆமாம், இதுதான் நான் சொன்னது" என்றார். பிறகு அவர் முறை வந்தபோது, ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற பச்சை அட்டை வரம்பு இந்தியர்களை எப்படி ஒரே முதலாளியிடம் கட்டிப்போடுகிறது என்பதையும், சிற்றூர் மருத்துவமனைகளால் இக்கட்டணத்தைக் கட்டமுடியாது என்பதையும், இளைஞர் சொன்னதைவிடவும் தெளிவாக எடுத்துரைத்தார். யாரும் கட்சி மாறவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எந்த அதிபரின் முடியையும் நடையையும் பற்றி ஒரு சொல் எழவில்லை. சுண்டலும் காபியும் ஆறிப்போயிருந்தன.

அந்த அமர்வுக்கு வந்தவர்கள் பதினேழு பேர். நம் பட்டியலில் 112 குடும்பங்கள் இருக்கின்றன. பொங்கல் நாடகத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதிய எழுவரில் இருவரே அரங்கத்துக்கு ஒருமுறையேனும் வந்தார்கள். மற்றவர்களை நான் தொலைபேசியில் மும்முறை அழைத்தேன். அடுத்த மாதம் வருகிறோம் என்றார்கள். ஒரே ஆண்டில் இந்நகருக்கு வந்து, ஒரே காரில் அலுவலகம் சென்றுகொண்டிருந்த இரு நண்பர்கள், ஜூலை ஒன்றுகூடலில் அடுப்பின் இரு முனைகளிலும் முதுகைக் காட்டி நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தாங்கமுடியாத வேதனை ஏற்பட்டது. இவ்விருவருக்காகத்தான் அரங்கத்தை நான் முதலில் நினைத்தேன். இருவருமே இன்னும் வரவில்லை.

சந்தாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குடும்பத்துக்கு 60 டாலர் என்ற ஆண்டுச் சந்தாவை 41 குடும்பங்கள் இன்னும் செலுத்தவில்லை. அவர்களில் சிலர், அரசியல் பேசும் சங்கத்துக்குச் சந்தா தரமாட்டோம் என்று தெரிவித்துள்ளனர். உரையாடல் அரங்கத்துக்குச் சங்க நிதியிலிருந்து ஆன செலவு சுற்றுப்பயணப் பேருந்தின் ஒரு பகுதி மட்டுமே. நூலக அறை இலவசமாகக் கிடைத்தது, சிற்றுண்டி உறுப்பினர் வீடுகளிலிருந்து வந்தது. செலுத்தப்படாத சந்தாவால் பாதிக்கப்படுவது தமிழ்ப் பள்ளியின் பாடநூல்கள்தான். பொதுவாக இவ்வாண்டின் வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போயின. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

விழாக்களுக்கு உழைத்த தன்னார்வலர்களுக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளுக்கும், கூட்ட அறை தந்த பொது நூலகத்தாருக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் 2026ஆம் ஆண்டில், ஜூலை 4ஆம் தேதி இந்நாட்டின் 250ஆம் ஆண்டு விழாவும், நவம்பர் 3ஆம் தேதி இடைக்காலத் தேர்தலும் வருகின்றன. பேச்சின் சூடு குறையப்போவதில்லை. செயலாளர் பொறுப்பில் மேலும் ஓராண்டு தொடருமாறு செயற்குழு என்னைக் கேட்டிருக்கிறது. பதினேழு பேருக்காக மட்டும் என்றால் அரங்கத்தை யார் வீட்டிலேனும் நடத்திக்கொள்ளலாம், அதற்குச் சங்கமோ செயலாளரோ தேவையில்லை என்பதால் நான் இன்னும் முடிவு சொல்லவில்லை. லிங்கன் பிறந்தநாளை ஒட்டி, பிப்ரவரி 14ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அடுத்த அமர்வு அதே நூலக அறையில் நடைபெறும். தலைப்பு இறக்குமதி வரி. அந்த இரு நண்பர்களுக்கும் எதிரெதிரே இரு நாற்காலிகளை ஒதுக்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். பேச விருப்பமுள்ள மற்றவர்கள் ஜனவரி இறுதிக்குள் பெயர் தரலாம். சந்தா பாக்கி உள்ளவர்களும் தரலாம், பாக்கியை அன்றே வாசலில் செலுத்திக்கொள்ளலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்