மோட்டார் தயார், டீசல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்கால முன்னேற்பாடு பற்றிய உங்கள் செய்தியில் தேங்கும் மழைத் தண்ணீரை இறைக்க எத்தனை மோட்டார், எத்தனை ஜேசிபி, எத்தனை படகு என்று எல்லாக் கணக்கும் இருந்தது. இவற்றுக்கு டீசலை யார், எதில் கொண்டுவருவார்கள் என்பது மட்டும் இல்லை. டீசல் மோட்டார் மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் எனக்கு அதுதான் உறுத்தியது.

100 எச்.பி. மோட்டார் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 15 முதல் 20 லிட்டர் குடிக்கும். 35 லிட்டர் கேன் இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. ஒரு மழை இரவில் சுரங்கப்பாதை ஒன்றில் வேலை. கேனோடு பெட்ரோல் பங்குக்குப் போன பையன், முழங்கால் தண்ணீரில் பைக் நின்றுபோய், தள்ளிக்கொண்டே வந்தான். அதற்குள் டேங்க் காலி. டீசல் இன்ஜின் அப்படி வறண்டு நின்றால், ஊற்றியதும் கிளம்பாது; டீசல் வரும் லைனில் ஏர் (காற்று) பிடித்துக்கொள்ளும். லைனின் நட்டைத் தளர்த்தி, பிரைமர் என்கிற சின்ன பம்ப்பைக் கையால் அடித்து, நுரை போய் வெறும் டீசல் வரும்வரை காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, மூடி தொலைந்த கேனில் பாலிதீன் பையைக் கட்டியிருந்ததால் மழைத் தண்ணீரும் உள்ளே. டார்ச் வெளிச்சத்தில் ஃபில்டரைக் கழற்றிக் கொட்டினோம். ஒன்றரை மணி நேரம் போனது. இறைத்த தண்ணீர் அத்தனையும் திரும்ப ஏறிவிட்டது.

இருக்கும் இடத்துக்கே வந்து டீசல் போடும் வண்டி நமக்குப் புதிதல்ல. இந்தியன் ஆயில் 2018இல் புனேயில் ஆரம்பித்து, 2019 ஜனவரியில் எங்கள் கொளத்தூருக்கே கொண்டுவந்தது. 6,000 லிட்டர் டேங்க். பங்கில் இருப்பது போலவே மீட்டர், குழாய். குறைந்தது 200 லிட்டர் வாங்க வேண்டும் என்றார்கள். ஒரு மோட்டாருக்கு அது அதிகம்தான். ஆனால் மாநகராட்சி மண்டலம் முழுக்க நிற்கும் மோட்டார், ஜெனரேட்டர், டயருக்குப் பதில் செயினில் நகர்ந்து கால்வாயில் தூர்வாரும் செயின் வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்னால் 200 லிட்டர் எந்த மூலைக்கு? செயின் வண்டியைப் பங்குக்கு ஓட்டிப்போகவும் முடியாது. பேரலில் இருந்து கைப்பம்பால் அடிக்க வேண்டியதுதான். மீட்டர் வந்தால் கேன் கணக்கில் 'சிந்திப்போகும்' டீசலும் குறையும். அது வேறு கதை.

டீசல் வண்டியும் தண்ணீரில் மாட்டிக்கொள்ளுமே என்பார்கள். சரிதான். அதனால்தான் மழை எச்சரிக்கை வந்த அன்று மாலையே ஒரு சுற்று வந்து எல்லா டேங்கையும் நிரப்பிவிட்டு, அப்புறம் மேடான இடத்தில் தயாராக நிற்கட்டும் என்கிறேன். மோட்டார் வாடகைக்கு டெண்டர் விடும்போதே இந்த வண்டியையும் அதில் சேர்த்துவிடலாம்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்,
கொளத்தூர், சென்னை.