கைத்தோல் சத்திரசிகிச்சை: திகதி எடுக்க முதல்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நிறை குறைந்து மேல்கையில் தொங்குகிற தோலை வெட்டி எடுப்பிக்கிறது பற்றிக் கேட்டிருந்தாய். செய்யலாம். அவ்வளவு நிறை குறைந்த பிறகு தொங்குகிற தோல் எண்ணெய்க்கும் சுருங்காது, உடற்பயிற்சிக்கும் சுருங்காது. ஆனால் நிறை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்கட்டும். பிறகும் மெலிந்தால் தோல் திரும்பத் தளரும்.

முதலில் இரத்தத்தைப் பார். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, அல்புமின் என்கிற இரத்தப் புரதம். புரதம் போதாத உடம்பில் தையல் பிரியும். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேணும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு முட்டையில் 6. என்ன குளிசை குடிக்கிறாய் என்று டொக்டரிடம் ஒன்றும் விடாமல் சொல், மீனெண்ணெய்க் குளிசையையும் சேர்த்து.

வெட்டு கமக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் போகும். உட்பக்கமா பின்பக்கமா என்று கேள். கண்ணாடிக்கு முன்னால் பேனையால் கீறிக் காட்டச் சொல். தழும்பு மங்கும், அழியாது. மங்கவே ஒரு வருசம் செல்லும். எங்கள் நிறத் தோலில் அது தடிக்கிறதும் அதிகம். காது குத்தின இடம் எப்போதாவது தடித்திருந்தால் டொக்டரிடம் மறைக்காதே.

இன்னும் இறுக்கி எடுங்கோ என்று மட்டும் கேட்டுவிடாதே. வெட்டின கை வீங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் தையலோரத்துக்கு இரத்தம் போகாது, காயம் வாய் திறக்கும். கூடுதலாகத் திறக்கிறது கமக்கட்டில்தான்: வியர்வை, உரசல், கையைத் தூக்குகிற இழுப்பு எல்லாம் சேருகிற இடம். தழும்பு அதை நேர்கோட்டில் கடந்தால் கயிறு போல இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் அங்கே வளைத்து வெட்டுவார்கள்.

முழங்கைக்குக் கீழே உட்பக்கம் விறைக்கலாம். பெரும்பாலும் மெல்லத் தெளியும். நரம்பு வெட்டுப்பட்டால் விறைப்பு நிலைத்துவிடும். தோலுக்கடியில் நீர் கட்டினால் ஊசியால் எடுப்பார்கள். காய்ச்சல், சீழ், ஒரு கை மட்டும் திடீரென்று வீங்குகிறது என்றால் அன்றைக்கே காட்டு. கெண்டைக்கால் நோவோ மூச்சு முட்டோ என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு.

காயத்து நீர் வடிய வைக்கிற குழாயைக் கழற்றி, டொக்டர் விட்ட பிறகு கொழும்பிலிருந்து வெளிக்கிடு. வழியில் மணிக்கொரு தரம் இறங்கி நட. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்காதே, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்காதே. காயம் முழுதாக மூடும் வரை கடலும் இல்லை, கன்னியா வெந்நீரூற்றும் இல்லை.

கார்த்திகை, மார்கழியில் திகதி கிடைத்தால் நல்லம். வெக்கையான கச்சான் காற்றடிக்கிற காலத்தில், வீக்கம் அடங்கப் போடுகிற அந்த இறுக்கமான கைச்சட்டையை இரவு பகலாகப் போட்டிருக்க ஏலாது. முன்னால் பொத்தான் வைத்த சட்டை நாலு தைத்து வைக்கிறேன், தலைக்கு மேலால் போடுகிறது சரிவராது. கையளவு அனுப்பு, வீக்கத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டி வெட்டுகிறேன்.

அம்மா