வார்டு எண் போதாது, பேட்டைப் பெயரும் வேண்டும்

ஐயா,

காரைக்குடி மாநகராட்சி குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 1928-இல் நகராட்சியான ஊர், 2024-இல் கண்டனூர், கோட்டையூர் பேரூராட்சிகளையும் இணைத்துக்கொண்டு மாநகராட்சியானது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் செஞ்சை, செக்காலை, கழனிவாசல், கல்லுக்கட்டி, முத்துப்பட்டணம் போன்ற பழைய பகுதிப் பெயர்கள் வார்டு எண்களுக்குள் கரைந்துவிடக் கூடாது. இவை வெறும் பழம்பெருமை அல்ல; சொத்துரிமையின் அடையாளங்கள். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். பழைய பத்திரங்களில் மனையின் நாற்புறமும் இருப்பதைச் சொல்லும் நான்கெல்லையில் சர்வே எண்ணைவிடத் தெருப்பெயரும் ஊருணியும் கோயிலும்தான் முதலில் நிற்கும். ஒரே வீட்டைப் பல பங்காளிகள் பிரித்துக்கொள்ளும்போது, தாய்ப்பத்திரத்தில் (மூலப் பத்திரத்தில்) ஒரு தெருப்பெயரும் வரி ரசீதில் இன்னொன்றும் இருந்தால், இரண்டும் ஒரே மனைதான் என்று நிரூபிப்பதற்குள் பாகப்பிரிவினை இழுத்தடிக்கும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகளுக்கு இது பெரும் அலைச்சல்.

எனவே புதிய தெருப் பலகைகளில் வார்டு எண்ணுக்கு மேலே பழைய பகுதிப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். சொத்து வரி ரசீதில் 'பழைய தெரு, பழைய கதவு எண்' என்ற கட்டம் தனியே வேண்டும். பெயர் மாற்றம் தவிர்க்க முடியாத இடங்களில், பழைய பெயரையும் புதிய பெயரையும் சர்வே எண்ணுடன் சேர்த்த பட்டியலை மாநகராட்சி வெளியிட்டு, அதன் படியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அஞ்சலகத்துக்கும் அனுப்ப வேண்டும். விவரம் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே இப்பட்டியலைத் தொகுத்துவிடுவது நல்லது.

– வாசகர், செக்காலை, காரைக்குடி