எந்த விலங்கு, எந்த உறுப்பு?

ஆசிரியருக்கு,

ஆர்க்டிக்கின் இன்யூட் மக்களுடைய உணவில் நஞ்சு இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது அவர்களுக்குக் கெடுதலே செய்யும். பயந்துபோய் வேட்டை இறைச்சியைக் கைவிட்டால், மிஞ்சுவது விலை உயர்ந்த, சத்துக் குறைந்த கடைச் சரக்குதான். எந்த விலங்கு, எந்த உறுப்பு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

பிசிபி என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள் கொழுப்பில் கரையும். சீல் (கடல்நாய்), திமிங்கிலங்களின் தோலடிக் கொழுப்பில் சேரும். மெத்தில் பாதரசம் என்னும், மூளையைக் கெடுக்கும் பாதரச நஞ்சோ புரதத்தோடு ஒட்டிக்கொண்டு தசையில் தங்கும். வேகவைத்தாலும் போகாது. பெலுகா திமிங்கில இறைச்சியைக் காயவைத்து 'நிக்கு' செய்யும்போது நீர் வற்றுகிறது, பாதரசம் அப்படியே நிற்கிறது. ஆகவே எடைக்கு எடை பார்த்தால் பச்சை இறைச்சியைவிட நிக்குவில் அது பல மடங்கு அதிகம். கனடாவின் நுனாவிக்கில் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் பெலுகா இறைச்சியை, முக்கியமாக நிக்குவை, குறைத்துக்கொள்ளும்படி அந்த வட்டாரத்தின் சுகாதார வாரியம் 2011இல் அறிவுறுத்தியது இதனால்தான். கனடாவின் இன்னொரு இன்யூட் பகுதியான நுனாவுட்டில் அதே வயதுப் பெண்களுக்குச் சொன்னது வேறு: வளையச் சீல் என்னும் சீல் இனத்தின், பாதரசம் அதிகமுள்ள ஈரலுக்குப் பதில் அதன் இறைச்சியை உண்ணுங்கள். இப்படிச் சொன்னால் வேட்டையும் நிற்காது, கருவிலுள்ள குழந்தையின் மூளையும் காக்கப்படும்.

'ஆர்க்டிக் சார்' (Arctic char) என்னும் மீனைத் தாராளமாக உண்ணலாம்; பாதரசம் குறைவு, ஒமேகா-3 நிறைய. வாத்து, கூஸ் போன்ற பறவைகளை வேட்டையாட ஈயச் சன்னம் (துப்பாக்கிச் சிறு குண்டு) வேண்டாம், எஃகுச் சன்னம் போதும். ஈயம் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக இறைச்சிக்குள் தங்கிவிடும். குண்டுபட்ட இடத்தை வெட்டி எறிந்தாலும் முழுதாகப் போகாது.