வாழைத்தாரையும் கொத்தமல்லியையும் ஒரே அறையில வைக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முந்தி உங்க ஞாயித்துக்கெழமை இணைப்புல காய்கறி கெடாம இருக்க டிப்ஸ் போட்டிருந்தீங்க. காய் பழம் எல்லாத்தையும் வாங்கின ஒடனே கழுவி, பிளாஸ்டிக் கவர்ல கட்டி, மொத்தமா ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, ஒரு வாரம் தாங்கும்னு இருந்துச்சு. எங்க தெருவுல நாலு வீட்ல அத வெட்டி ஃப்ரிட்ஜ் கதவுலயே ஒட்டி வச்சிருக்காங்க, அதப் பாத்த பிறகு சும்மா இருக்க முடியல, அதான் எழுதுறேன். அதுல சொன்ன மாதிரி செஞ்சா பாதி காய் தாங்காது.

போன வருஷம் வைகாசியில எங்க சின்ன மாமனாருக்கு அறுபதாங்கல்யாணம், பள்ளத்தூர்ல எங்க பழைய வீட்லதான் வச்சோம். ரெண்டாங்கட்டுல ஒரு உள்ளறை இருக்கு, செவரு ஒன்றரை அடி கனம், ஜன்னல் கெடையாது, சித்திரை வெயில்லயும் தரை ஜில்லுனு கெடக்கும். காய்கறிக்கு இதவிட நல்ல எடம் ஏதுன்னு, சந்தையில வாங்கியாந்த கொத்தமல்லி இருபது கட்டு, புதினா, வெள்ளரிக்கா, கத்தரிக்கா எல்லாத்தையும் அங்கதான் பரப்பி வச்சேன். அதே அறையில மூலையில மூட்டம் போட்டு, அதான் பொகை போட்டுப் பழுக்க வச்சு, எறக்கின வாழத்தாரு ரெண்டு. கதவையும் சாத்தியாச்சு. மூணாம் நாள் காலையில சமையக்காரவுக வந்துட்டாகன்னு கதவத் தெறந்தா பழ வாசம் மூஞ்சில அடிக்குது, கொத்தமல்லிய ஒரு கட்டு தூக்குனா தண்டு கையில நிக்குது, எல மட்டும் மஞ்ச மஞ்சளா தரையில உதுருது. வெள்ளரிக்கா பழுத்த நெறமாயிருச்சு. கத்தரிக்காய எடுத்தா காம்புத் தொப்பி தனியா கழண்டு வருது, அழுகலும் இல்ல வாடலும் இல்ல, சும்மா தொட்டா கழண்டுக்குது. நான் நேரா சந்தைக்குப் போயி கடைக்காரர புடிச்சு, பழைய சரக்க தலையில கட்டிட்டீகளேன்னு நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டுட்டேன்.

அப்பறம் வேளாண் காலேஜ்ல படிக்கிற எங்க அக்கா மகதான் விசேஷத்துக்கு வந்தப்ப வெளக்கமா சொன்னா. பழுக்குற பழம் எத்திலீன்னு ஒரு வாயு விடும் சித்தி, அந்த வாயு பட்டா பச்சை எல மஞ்சளாகும், காம்பு கழளும், நீங்க கதவ வேற சாத்திட்டீகளேன்னு சொன்னா. வாழை, மாம்பழம், பப்பாளி, சப்போட்டா, தக்காளி எல்லாம் இத விடுமாம். நம்ம ஊர்ல காலங்காலமா வாழத்தாருக்கு மூட்டம் போடுறதும் மாங்காய வைக்கல்ல பொதிஞ்சு வக்கிறதும் இதே கணக்குதான், பொகையில அந்த வாயு இருக்கு, வைக்கலு அத வெளிய விடாம அடச்சு வக்கிது. (கார்பைடு கல்லு வச்சு பழுக்க வக்கிறது வேற கத, அது சட்டப்படி தடை, அதுல ஆர்சனிக் மாதிரி விஷம் கலந்திருக்கும், யாரும் அத வீட்டுக்குள்ள கொண்டாந்துராதீங்க.) அடுத்த சந்தைக்குப் போயி அந்த கடைக்காரர்கிட்ட தப்பு என்மேலதாண்ணேன்னு சொல்லிட்டுத்தான் காயே வாங்குனேன்.

அதனால உங்க டிப்ஸ்ல மொதல்ல சேக்க வேண்டியது எதுக்குப் பக்கத்துல எத வைக்கக்கூடாதுங்குறது. பழம் ஒரு பக்கம், கீரை காய் இன்னொரு பக்கம். அடுத்தது, எல்லாத்தையும் ஃப்ரிட்ஜ்ல திணிக்க வேணாம். வீட்டு ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரி கிட்ட இருக்கும், வாழைப்பழம் 13 டிகிரிக்கு கீழ போனாலே தாங்காது, தோலு கறுத்துரும், காயா வச்சா அப்பறம் ஒழுங்கா பழுக்கவும் பழுக்காது. மாங்காயும் அப்படித்தான், பழுத்த பிறகு வேணா ரெண்டு நாள் உள்ள வைக்கலாம். உருளைக்கெழங்க குளுருல வச்சா மாவெல்லாம் சக்கரையா மாறிரும், பொரியல் பண்ணா தித்திப்பாவும் இருக்கும், சட்டுனு கறுத்தும் போகும். அத வெளிச்சம் படாம வெளியவே வைக்கணும், பச்ச பூத்த கெழங்க சமைக்கக்கூடாது. செங்காய் தக்காளிய வெளிய காம்புப் பக்கம் கீழ இருக்க மாதிரி வச்சாலே நாலஞ்சு நாளு நிக்கும். கழுவி வக்கிறதுதான் எல்லாத்தவிட மோசம், ஈரத்தோட கவர்ல கட்டுனா ரெண்டே நாள்ல கொழகொழன்னு ஆயிரும், கழுவுறத சமைக்கும்போது பாத்துக்கலாம். கீரை, கொத்தமல்லி, பீன்ஸ், கேரட்டு இதுக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் நல்லதுதான், ஆனா ஈரம் தொடச்சு துணியில சுத்தி வைங்க.

துணின்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. நம்ம வீடுகள்ல கீரைய நியூஸ் பேப்பர்ல சுத்துற பழக்கம்தான் ஜாஸ்தி. அச்சு மையி ஒடம்புக்கு ஆகாது, சாப்புடுற பொருள அதுல சுத்தாதீங்கன்னு 2016லயே மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு. பேப்பர்காரவுகளே இத எடுத்துச் சொன்னா சனங்க கேப்பாங்க.

இப்ப முக்கியமா ஒண்ணு. எங்க அப்பத்தா காலத்துல ஃப்ரிட்ஜ் ஏது, பரங்கிக்காய உத்தரத்துல கட்டித் தொங்கவிடுவாக, மாசக்கணக்கா நிக்கும், இஞ்சிய மணல் சட்டியில பொதச்சு வப்பாக, சின்ன வெங்காயத்த காத்தாட கூடையில போட்டு முத்தத்து ஓரமா தொங்கவிடுவாக, மிஞ்சுன கத்தரிக்கா மாங்கா சீனியவரக்கா எல்லாம் வத்தலாயிரும். ஆனா கீரைக்கும் பச்சக் காய்க்கும் அவுககிட்டயும் வழி இல்ல, அன்னன்னைக்கு பறிச்சு அன்னன்னைக்கு சமைக்கணும். அதுக்கு ஒரு வழிய டெல்லி பூசாவுல இருக்குற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980கள்லயே கண்டுபிடிச்சு வச்சிருக்கு, கரண்டே வேணாம். செங்கல்லால ரெட்டச் செவரு, நடுவுல 7.5 சென்டிமீட்டர் எடவெளி, அதுல ஆத்து மணல். காலையும் சாயந்தரமும் செங்கலும் மணலும் நனைய தண்ணி ஊத்தணும், மேல ஈரச்சாக்கு. அந்த ஈரம் காத்துல ஆவியா போகப் போக உள்ள சூட்டயும் இழுத்துக்கிட்டுப் போயிரும், மண்பானைத் தண்ணி குளுருற மாதிரியேதான். காத்து எம்புட்டு வறண்டு இருக்கோ அம்புட்டு குளுரும், அப்படிப் பாத்தா செட்டிநாட்டு கோடைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

இந்த பங்குனியில கொல்லையில வேப்பமரத்து நெழல்ல, இடிஞ்ச செவத்து செங்கல்ல வச்சே மூணடிக்கு ரெண்டடியில ஒண்ணு கட்டிட்டேன். சிமெண்டு பூசக்கூடாது, பூசுனா ஈரம் வெளிய வராது. மொத வாரம் தண்ணி ஊத்த மறந்து ஒரு கூடை முருங்கக்கீரை வீணாப்போச்சு. அதுக்கப்பறம் ரெண்டு வேளையும் தவறாம ஊத்துனேன், சித்திரை கடைசியில வெளிய வச்சா மறுநாளே தொவண்டு போற வெண்டிக்கா உள்ள அஞ்சாம் நாளும் ஒடச்சா படக்குனு ஒடஞ்சுச்சு. வெங்காயம், பூண்டு, உருளைக்கெழங்கு மட்டும் இதுக்குள்ள வைக்கக்கூடாது, ஈரத்துக்கு அழுகிரும். ஐப்பசி கார்த்திகை மழையில காத்துலயே ஈரம் இருக்கும்போது இது அவ்வளவா குளுராது, அதையும் சொல்லிடணும்.

கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டைன்னு நம்ம பக்கம் பழைய வீடுகள்ல கொல்லையும் கெடக்கு, செங்கலும் கெடக்கு, வயசானவுக மட்டும் தனியா இருக்குற வீடு எவ்வளவோ இருக்கு. தெனமும் கடைக்குப் போக முடியாதவுகளுக்கு இது பெரிய ஒத்தாசை. அதனால அந்த டிப்ஸ திருத்திப் போட்டு, அதே பக்கத்துல இந்த செங்கல் பெட்டிய அளவோட படமா போடணும்னு கேட்டுக்கிறேன். கொத்தனாருகிட்ட வாயால சொன்னா புரியல, எனக்கே தரையில கோடு போட்டுத்தான் காட்ட வேண்டியிருந்துச்சு.

இப்படிக்கு,
வாசகி, பள்ளத்தூர்